சாக்கடை மேல் ஓர் அடிக்கல்

பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறினால் போதும், எனக்கு நகராட்சி நினைவுக்கு வந்துவிடும். எண்பதுகளின் கடைசியில் ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு அவர்கள் தாராளமாகத் தந்த ஒரே பொருள் அதுதான். பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால், விடிந்ததும் சாக்கடையின் இரு கரையிலும் வெள்ளைக் கோடு. ஆள் போனதும் கோடு கரையும். தோல் பதனிடும் ஷாப்புகளின் சுண்ணாம்புத் தண்ணீர், மயிரும் சதையுமாக, எங்கள் வாசல்களை உரசிக்கொண்டு பழையபடி ஓடும்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தோல் ஷாப்பில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மில் சிக்கி ஒரு கால் போயிருந்தது. கட்டையை ஊன்றி அவர் தெருவுக்கு வர, சாக்கடை மேல் ஒரு கல் வேண்டும். அவ்வளவுதான். இருந்த பலகையோ சுண்ணாம்பில் ஊறி, ஒருநாள் அவரையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போனது. அதன்பின் அவர் வாசலைத் தாண்டவில்லை.

அவர் மனைவி, ஷூ கம்பெனியில் வேலை செய்த அக்கா, நகராட்சிக்கு நடையாய் நடந்தார். எங்கள் வீடுகள் ஆபத்தானவை என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். ஏரிப் புறம்போக்கில் காங்கிரீட் வீடு தரப் போகிறார்களாம். காலி செய்யப்போகிற தெருவுக்குக் கல் எதற்கு? என்ன அறிவு! ஆபத்திலிருந்து எங்களை மீட்கும் வரை ஆபத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

ஏரியில் மைக், மாலை, கேசரி, நகராட்சித் தலைவர் பெயர் பொறித்த அடிக்கல். பிறகு மழை. ஏரி தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. வீடு வரவில்லை.

தண்ணீர் வற்றியதும் அக்காவும் கூட வேலை செய்த பெண்களும் அந்தக் கல்லைப் பெயர்த்துத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி சாக்கடை மேல் போட்டார்கள். அன்று சாயங்காலம் அண்ணன் டீக்கடை வரை போய், நின்றுகொண்டே டீ குடித்தார்.

அடுத்த வெள்ளைக் கோட்டு நாளில் தலைவரே வந்தார். சேறு படாமல் வேட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கல்லின் மேலேயே ஏறி நின்றார்.

"பரவால்லியே, கல்லு ஸ்ட்ராங்கா கீது. யாரும்மா போட்டது?"

"நீங்க போட்டதுதாங்க" என்றார் அக்கா.

தெருவே சிரித்துவிட்டது. கூட வந்த மேஸ்திரி குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார். சாக்கடையைப் பார்த்தபடி தலைவரின் பெயர்.

எத்தனையோ வருடமாக அசையாத நகராட்சி மதியத்துக்குள் அசைந்தது. கடப்பாரை, ஆட்கள், டிராக்டர். பொதுச்சொத்துத் திருட்டு என்று அக்காவை மிரட்டினார்கள். கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகராட்சி ஆபீஸ் தாழ்வாரத்தில், சாரல் படாத மூலையாகப் பார்த்துச் சாய்த்து வைத்தார்கள். அந்தத் திட்டத்தில் கூரை கிடைத்தது அந்தக் கல்லுக்கு மட்டும்தான்.

மறுவாரமே அண்ணனும் அக்காவும் மாதனூரில் இருந்த அக்காவின் தம்பி வீட்டுக்குக் கிளம்பினார்கள். அண்ணனை நாங்கள்தான் சாக்கடைக்கு மேலே தூக்கிக் கடத்தி, குதிரை வண்டியில் உட்கார வைத்தோம்.

"வீடு கட்டுனா சொல்லி அனுப்பு தம்பி" என்றார் அக்கா.

"அவங்க எங்க கட்டப் போறாங்க, அக்கா?" என்றேன்.

அண்ணன் கட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னாப்பா அப்டி சொல்லிட்ட? கல்லு பத்திரமாத்தான கீது."