புளியமரத்தாண்ட திரும்பணும்

பச்சைமுத்துவின் ஊரான ஈச்சங்குட்டை எந்த பஸ் போர்டிலும் கிடையாது. ஓர் ஏரி, கொஞ்சம் வீடுகள், சுற்றிலும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை. அவ்வளவுதான் ஊர். கூட்டேரிப்பட்டில் இறங்கி வழி கேட்டால் எல்லாரும் ஒன்றுபோலச் சொல்வார்கள்: "நேரா போய்க்கினே இருங்க, புளியமரத்தாண்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க."

இதை நம்பி, அவர் மகள் சின்னபொண்ணைப் பெண் பார்க்கக் கிளம்பிய இரண்டு கூட்டம் வந்து சேரவே இல்லை. ஒன்று அலைந்து அலுத்துத் திரும்பிப் போனது. இன்னொன்று இருக்கிறதே, அது பக்கத்து ஊருக்குள் நுழைந்து, யார் வீட்டிலோ கேசரி தின்று, அந்த வீட்டுப் பெண்ணையே நிச்சயம் பண்ணிக்கொண்டு போய்விட்டது! வயிறு எரியாதா மனுஷனுக்கு? அடுத்ததாக விழுப்புரத்துக் குடும்பம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. இதுவும் தவறினால் மகளை ராசியில்லாதவள் என்று ஊர் பேசும். அந்தப் பயத்தை டீக்கடையில் சொல்லிப் புலம்பினார்.

அது எண்பத்து நாலாம் வருஷம். நம் நாட்டு ஆள் ஒருவர் விண்வெளிக்குப் போனதைத்தான் ரேடியோ ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. டீக்கடை மாரியப்பன் கிண்டலடித்தான்: "மாமா, ஆகாசத்துலேர்ந்து எறங்கி வர்றவனுக்குச் சொல்ற மாரி வழி சொல்லு. அப்பதான் வெளங்கும்."

பச்சைமுத்து அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று வானத்தைப் பார்த்து ஒத்திகை பார்த்தார்.

"மேலேர்ந்து பார்த்தா உருண்டையா தெரியறது பூமி. நீலமா கெடக்கறது கடலு, அங்க எறங்கிடாதீங்க. கரையிலேர்ந்து மேக்கால வந்தா மயிலம் மலை. முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு ரோட்டப் புடிச்சா கூட்டேரிப்பட்டு. அப்பால புளியமரத்தாண்ட..."

"அந்த மரம் சாஞ்சு எம்மாம் வருசம் ஆவுதுப்பா," என்றாள் உள்ளேயிருந்து சின்னபொண்ணு.

மெய்தான். புயலில் விழுந்த மரம். பாதி விறகு அவர் வீட்டு அடுப்பில்தான் எரிந்தது. இருந்தும் ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. விழுப்புரத்துக்காரர்களுக்கும் அதே வழியைச் சொல்லியனுப்பி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அலங்காரம் பண்ணிக்கொண்டு உள்ளே உட்கார வேண்டிய பெண்ணைக் காணோம். அவர் மனைவி முனியம்மாள் கேசரிக் கரண்டியும் கையுமாகத் தெருவெல்லாம் தேடினாள். பச்சைமுத்து தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அப்போது ஏரிக்கரை மேல், தலையில் புல்லுக்கட்டோடு சின்னபொண்ணு வந்தாள். அவளுக்குப் பின்னால் பட்டுப்புடவையும் தாம்பாளமுமாக ஒரு கூட்டம்.

"இந்தப் பொண்ணு மட்டும் இல்லன்னா பேஜாராப் போயிருக்கும்," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "சரிங்க, பொண்ண வரச் சொல்லுங்க."

பச்சைமுத்து தலை குனிந்தார். "இதாங்க பொண்ணு."

மாப்பிள்ளை சிரித்தான். "புளியமரம் எங்கன்னு கேட்டேன். நான் நிக்கிற எடந்தான்னுச்சு இந்தப் பொண்ணு. மரம் கெடைச்சிடுச்சும்மா, இன்னும் எங்க போய்த் தேடறது?"

வைகாசியிலேயே கல்யாணம். சின்னபொண்ணு விழுப்புரம் போய்விட்டாள்.

இப்போதும் கூட்டேரிப்பட்டில் யாராவது வழி கேட்டால் பச்சைமுத்துதான் முந்திக்கொள்வார். "நேரா போய்க்கினே இருங்க," என்பார். "எம் பொண்ணு நின்னுக்கினு இருந்த எடத்துல சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க."