ஏசி இல்லாத வீட்டுக்கு ஊர் தேடியது

1. கழற்றும் வேலை

நான் மாட்டிய ஏசிகளை நானே கழற்றிக்கொண்டிருந்த நாளில்தான் முதலாளி அந்தச் சேதியைச் சொன்னார். கேளம்பாக்கத்தில் ஓர் ஆபீஸ் கட்டடம். அங்கிருந்த ஸ்ப்ளிட் ஏசிகளை எல்லாம் எடுத்துவிட்டு, மொட்டை மாடியில் பெரிய பிளாண்ட் ஒன்று வைத்து மொத்தக் கட்டடத்தையும் குளிர வைக்கப் போகிறார்கள். அந்த வேலை வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. எங்கள் கான்ட்ராக்ட் முடிந்தது.

"காதர் பாய், கொஞ்சம் கீழ வாங்க" என்று முதலாளி கூப்பிட்டார். ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன். என்னோடு வேலை செய்யும் செல்வமும் வந்தான்.

"சென்னையில இனிமே நமக்குப் பெருசா வேலை கிடையாது. வைசாக்ல ஒரு சைட், கொச்சியில ஒரு சைட் எடுத்திருக்கேன். ரெண்டுலயும் சூப்பர்வைசர் வேணும். ஆளுக்கு ஒண்ணு. நீங்க சீனியர், ஃபர்ஸ்ட் நீங்க சூஸ் பண்ணுங்க. ரெண்டு ஊரையும் போய்ப் பாத்துட்டு வாங்க. மாசக் கடைசித் திங்கக்கிழமை எனக்குப் பதில் வேணும்."

"இங்கேயே எதாவது சைட்டுல..."

"இங்க இருக்கணும்னா நீங்களாத்தான் வேலை தேடிக்கணும் பாய். ஓப்பனா சொல்லிடறேன்."

அவர் காரில் ஏறிப் போனதும் செல்வம் சிரித்தான். "இன்னா பாய், ஒரே நாள்ல ரெண்டு பொண்ணு பாத்தா மாரி முழிச்சிகினு கீற?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனராகப் போனேன், கோவாவில் ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன், சூரத்தில் ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரஸர் பழகினேன். ஓர் ஊர் சலித்தால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர். பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன், டீயிலேயே நாளைத் தள்ளியிருக்கிறேன். அதெல்லாம் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அப்போது நான் ஒற்றை ஆள். இப்போது சபீனா இருக்கிறாள், எட்டாவது பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் ஆயிஷா இருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்து, ராஜகீழ்ப்பாக்கத்தில்தான் கொஞ்சம் நிலையாக உட்கார்ந்திருந்தோம்.

2. சாமான் கட்டுகிறவள்

சபீனா பக்கத்து அப்பார்ட்மென்டில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்துவந்தாள். அன்று அவள் வந்து முகம் கழுவும்வரை காத்திருந்து சொன்னேன்.

"ரெண்டும் கடல் பக்கமா?" என்றாள்.

"ஆமா. ரெண்டும் சூடுதான், ரெண்டுலயும் வேர்க்கும். இங்க மாதிரியேதான்."

"இங்க மாதிரியேன்னா இங்கயே இருந்துடலாமே."

ஆயிஷா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அத்தா, தெலுங்கா மலையாளமான்னு சீக்கிரம் சொல்லிடுங்க. லீவுல எழுத்தாவது கத்துக்கிறேன்" என்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

சபீனா முகம் துடைத்த துண்டைக் கொடியில் போட்டாள். "இன்னும் ஒரு தடவை நான் சாமான் கட்டுவேன். ஒரே தடவை. போற எடம் எங்களுக்கு ஒத்துக்கணும். இல்லன்னா நீங்க போங்க, நாங்க இங்கயே இருக்கோம்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அன்று அவள் வருவதற்குள்ளேயே நான் அவசரப்பட்டு ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் காலி செய்யப்போவதாகச் சொல்லியும் விட்டிருந்தேன். அவர்கள் ஒரு காலத்தில் அந்த இடத்தில் நெல் போட்டவர்கள். இப்போது அதே இடத்தில் மூன்று மாடி எழுப்பி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மறுநாளே யாரோ ஒரு குடும்பம் வந்து எங்கள் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

3. அண்ணாந்து பார்த்த ஊர்கள்

ஏசி வேலை செய்கிறவன் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பான். சுவரில் தொங்கும் அவுட்டோர் யூனிட்டைப் பார்த்தால் அந்த ஊரில் நமக்குப் பிழைப்பு எப்படி என்று தெரிந்துவிடும். உப்புக்காற்று பட்டால் தகடு துருப்பிடிக்கும், பின்னால் இருக்கும் 'காயில்' என்கிற குழாய்ச்சுருள் அரித்துப் பொடியாகும், கேஸ் இறங்கிக் குளிர் நின்றுபோகும். ஜனங்கள் மெக்கானிக்குக்குப் போன் போடுவார்கள். சைட் முடிந்துபோனாலும், துரு எவ்வளவோ அவ்வளவு வேலை.

வைசாக் என்று சொல்லும் விசாகப்பட்டினத்தில் கடற்கரை ரோடு முழுக்க நடந்தேன். புது மாடல் யூனிட்கள் கிழட்டுத் தோற்றத்தில் தொங்கின. மனசு குளிர்ந்துவிட்டது. போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டே போனேன். டீக்கடையில் நின்ற ஓர் உள்ளூர் மெக்கானிக், என் அரைகுறைத் தெலுங்கைச் சகித்துக்கொண்டு, வருஷம் பூராவும் ஓய்வில்லை என்று கும்பிடாத குறையாகச் சொன்னார்.

கொச்சியில் வேறு மாதிரி. அங்கும் கடல்தான், ஆனால் நான் பார்த்த, படம் பிடித்த யூனிட்களில் துருவைவிடப் பாசிதான் அதிகம். மழை உப்பைக் கழுவிவிடுகிறது. மழைக்காலம் வந்தால் பாதிப்பேர் ஏசியைப் போடுவதே இல்லை என்றார்கள். அந்த மாதங்களில் மெக்கானிக் என்ன சாப்பிடுவான் என்று நினைத்தபடியே ரயிலேறினேன்.

தாம்பரத்தில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன். விசாகப்பட்டினம்தான். வேலை இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது என் கணக்கு.

4. சுவர்கள்

நான் வந்தது சனிக்கிழமை. திங்கள் பதில் சொல்ல வேண்டும். சபீனா போனை வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆயிஷா அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். ஒரு படம், இன்னொரு படம், அடுத்தது. விரல் தள்ளிக்கொண்டே போனது.

"என்னங்க இது?"

"வைசாக்."

"இது?"

"அதுவும் வைசாக்தான். அந்தக் காயிலைப் பாரு, எப்படி அரிச்சிருக்கு."

"ஊரு எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"ஸ்கூல் எங்க? கடைத்தெரு எங்க? ஒரு பொம்பளையாவது நடந்து போறாளா இதுல? ரெண்டு ஊருக்குப் போய் சுவத்தைப் படம் புடிச்சுட்டு வந்திருக்கீங்க."

ஆயிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சபீனா சிரிக்கவில்லை. ஒரு படத்தை விரலால் பெரிதாக்கினாள். "இந்த வூட்டுல எல்லா ஜன்னலும் ஏன் சாத்தியிருக்கு?"

"ஏசி ஓடுது. அதான்."

"அவங்களுக்கு ஏசி ஓடுது. நமக்கு?"

எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை. ஊரெல்லாம் மாட்டுகிறேன், வீட்டில் ஃபேன்தான். அது இதுவரை எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை, ஏனென்றால் பகல் பூராவும் நான் குளிர்ந்த கட்டடங்களில் இருப்பவன்.

"ஏசி எங்க சீக்கிரம் கெட்டுப்போகும்னு பாத்து ஊரு எடுத்திருக்கீங்க. மெஷினே தாங்காத எடத்துல நாங்க ஃபேனுக்குக் கீழ உக்காரணும். கொச்சியிலயும் இதேதான், அங்கயும் பாசியத்தான் பாத்திருக்கீங்க. நீங்க ஊரைப் பாக்கல. எங்களுக்கு இது எதுவும் வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் சாதாரணமாகவே பேசினாள், சோறு போட்டாள். ஆனால் ஹவுஸ் ஓனர் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, "அவர் மட்டும்தான் போறாரும்மா. எங்களுக்கு ஒரு ரூம் வூடு எதாவது இருந்தா சொல்லுங்க" என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. பஸ் ஸ்டாண்டில் படுத்த நாட்களில்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

5. திங்கள்

முதலாளியிடம், "ஒரு வாரம் டைம் வேணும் சார். வூட்டு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பாக்கணும்" என்றேன்.

"வொய்ஃபைக் கூட்டிட்டு சைட் விசிட்டா? நல்லாருக்கு பாய். ஒரு வாரம் என்னால முடியாது. ஒருத்தர் இன்னிக்கே ஃபிக்ஸ் ஆகணும். நீங்க வெயிட் பண்ணணும்னா செல்வம் முதல்ல எடுத்துக்கட்டும். மிச்சம் இருக்கிறதுதான் உங்களுக்கு."

வாயைத் திறந்து 'வைசாக்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த வேலை எனக்கு. சொல்லியிருந்தால் தனியாகத்தான் போயிருப்பேன். "சரி சார், செல்வம் எடுத்துக்கட்டும்" என்றேன்.

செல்வம் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனான். "இன்னா பாய், சோத்தக் கையில வச்சிகினு வேணாம்ன்ற? அப்பால என்னாண்ட வந்து பேஜார் பண்ணக்கூடாது, சொல்லிட்டேன். எங்கம்மா தெலுங்கு, வூட்ல அதான் பேசிகினு கீறோம். நான் வைசாக் எத்துக்கறேன்."

"எடுத்துக்கப்பா."

எனக்குக் கொச்சி மிஞ்சியது. நான் வேண்டாமென்று ஒதுக்கிய ஊர். அதுவும் சபீனாவுக்குப் பிடித்தால்தான். பிடிக்காவிட்டால் நான் ஒருபக்கம், அவர்கள் ஒருபக்கம்.

6. வெறும் அறை

மே மாதம் மூவரும் கொச்சிக்குக் கிளம்பினோம். ரயிலில் சபீனா ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள். நான் ஏதேதோ பேசிப் பார்த்தேன். "ஊரைப் பத்தி நீங்க எதுவும் சொல்லாதீங்க" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

சைட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு காட்டினார்கள். கதவைத் திறந்ததும் அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள், உள்ளே போகாமலே திரும்பிவிட்டாள். சுவர் ஈரம் கோத்திருந்தது. அங்கிருந்து பஸ் பிடித்துத் தள்ளிப் போனோம். எனக்கு வேலைக்குத் தூரம் என்று முனகினேன். "இப்ப மட்டும் ராஜகீழ்ப்பாக்கத்துலேர்ந்து கேளம்பாக்கம் பக்கமா? தினமும் போய்த்தான வந்தீங்க?" என்றாள்.

ஒரு சின்னத் தெருவின் கோடியில், கீழ்த்தளத்தில் இரண்டு அறை காலியாக இருந்தது. வீட்டுக்காரப் பெண்மணி சாவி கொடுத்து, பெருமையாக ஃபேனையும் போட்டுக் காட்டினார். சபீனா அதை நிறுத்தச் சொன்னாள்.

"ஃபேன் உண்டல்லோ" என்றார் அந்த அம்மா, குழப்பத்தோடு.

"இருக்கட்டும்மா. கரன்ட் இல்லாத நேரத்துல எப்படின்னு பாக்கணும்."

வெறும் தரையில் சுவரோரமாக உட்கார்ந்தாள். ஆயிஷாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். நல்ல உச்சி வெயில். பழக்கதோஷம், அறையின் சூட்டைப் பார்க்கப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தேன். ஏசி கிரில்லில் வைத்துப் பார்ப்போமே, அது. "அதை உள்ள வைங்க" என்றாள் சபீனா. வைத்துவிட்டேன்.

எனக்கு முதுகு நனைந்து சட்டை ஒட்டியது. அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு முறை அவள் துடைத்தபோதும் அவர்கள் இருவரும் என்னைவிட்டு விலகிப் போவதாகத் தோன்றியது. எங்கோ பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பக்கத்து வீட்டில் ஒரு பெண் குழந்தையைத் திட்டிக்கொண்டே துணியை உதறிக் கொடியில் போட்டாள். ஜன்னல் வழியாகக் கொஞ்சம் காற்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

ஆயிஷா முதலில் காலை நீட்டினாள். பிறகு அம்மாவின் மடியில் தலை வைத்தாள். கொஞ்சநேரத்தில் வெறும் தரையில் தூங்கிவிட்டாள்.

சபீனா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இங்க இருக்கலாம்" என்றாள்.

இப்போது இங்கேதான் இருக்கிறோம். நான் பயந்தது பொய்யாகவில்லை. சைட் முடிந்ததிலிருந்து நானே ரிப்பேர் வேலை பார்க்கிறேன், மழை மாதங்களில் ஏசி வேலை படுத்துவிடுகிறது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று கற்றுக்கொண்டு ஓட்டுகிறேன். துணி காயாமல் வாடை அடிக்கிறது என்று சபீனா என்னைத்தான் திட்டுகிறாள். செல்வம் போனில் கூப்பிட்டு, சாப்பிட நேரமில்லை என்று அலுத்துக்கொள்வதுபோலப் பெருமை அடிக்கிறான். வயிறு எரிகிறது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

நம் தொழிலில் இருந்துகொண்டு ஊர் மாறப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வேலை எங்கே கிடைக்கும் என்பது நம் கண்ணுக்குத் தானாகவே தெரிந்துவிடும், அதற்காகப் பாடுபட வேண்டாம். முடிவு செய்யும் முன், பகலெல்லாம் வீட்டில் இருக்கப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உச்சி வெயிலில், வெறும் அறையில், ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார வையுங்கள். அவராக ஏதாவது சொல்லும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.