பென்சிலில் எழுதிய பதில்

சவூதியின் தம்மாமில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஏர்வாடிக்குத் திரும்பிய பாக்கர் பெட்டியைத் திறந்தார். அத்தரும் சாக்லேட்டும் எதிர்பார்த்து நின்ற வீட்டார் பத்தொன்பது புத்தகங்களைப் பார்த்தார்கள். எல்லாமே வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று சொல்பவை.

தினமும் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு, கண்ணாடி முன் நின்று, "என்னால முடியும்" என்று மூன்று தடவை சொல்வார். அடுப்படியிலிருந்து மனைவி நஃபீசா குரல் கொடுப்பாள்: "முடியும்ல மச்சான்? அப்ப வந்து இந்த சிலிண்டரை மாத்துங்க."

பெரிதாக யோசிக்கச் சொல்லிப் புத்தகங்கள் வற்புறுத்தியதால், ராமநாதபுரத்தில் செல்போன் கடை வைத்தார். விற்பது அவருக்கு வரவில்லை. யாராவது பேரம் பேசினாலே கூச்சப்பட்டு விட்டுக்கொடுத்துவிடுவார். பதினோரு மாதத்தில் கடையை மூடினார்.

"இத்தனை படிச்சும் நான் தேறல நஃபீசா."

அவர் கடைக்குப் போன மாதங்களில் நஃபீசாவும் அந்தப் புத்தகங்களைப் படித்திருந்தாள். ஒன்றை எடுத்து வந்து விரித்தாள். 'எந்த வேலை செய்யும்போது உங்களுக்கு நேரம் போவதே தெரிவதில்லை?' என்ற கேள்விக்குப் பக்கத்தில், பென்சிலில் பாக்கரின் கையெழுத்து: 'தம்மாம் கேம்ப்பில் வாஷிங் மெஷின் கழற்றி மாட்டியது.'

"இது நீங்க எழுதுனதுதான?"

"அது சும்மா, ரூம்ல இருந்தவங்களுக்குச் செஞ்சு குடுத்தது. அதெல்லாம் ஒரு வேலையா?"

"அதத்தான பொஸ்தகம் கேட்டுச்சு! பதில எழுதிட்டு, நீங்க பாட்டுக்கு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டீங்க."

பாக்கர் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார்.

மறுவாரம் தர்கா வீதியில், பாம்பனிலிருந்து வந்திருந்த வெள்ளையம்மாள், கணவரின் சக்கர நாற்காலியைத் தள்ள முடியாமல் நின்றாள். உப்புக்காற்றில் பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது. பாக்கர் அந்த மனிதரைத் தூக்கி டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தார். சைக்கிள் கடையில் ஸ்பானர் கேட்டு வாங்கி வந்து வீதியிலேயே உட்கார்ந்துவிட்டார். நண்பகல் தொழுகையான லுஹருக்கு பாங்கு சொன்னதுகூட அவர் காதில் விழவில்லை.

வெள்ளையம்மாள் தள்ளிப் பார்த்தாள். சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது. "ரெண்டு வருசமா இவுக கடலப் பாக்கலண்ணே. ஊருக்குப் போனதும் கூட்டிட்டுப் போறேன்."

அன்று வீட்டுக்கு வந்து பாக்கர் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

இப்போது அவர் வீட்டு முன்னறையில் எந்நேரமும் நான்கைந்து சக்கர நாற்காலிகள் நிற்கின்றன. கிழிந்த இருக்கைகளை நஃபீசா தைத்துக் கொடுக்கிறாள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்று பெயர்தான். யாராவது வந்துவிட்டால், ஜும்ஆ தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடே உட்கார்ந்துவிடுவார்.

"அந்த கிரீஸ் போகாது, சொல்லிட்டேன்!" என்று நஃபீசா கத்துவாள். கத்திக்கொண்டே ஸ்பானரையும் எடுத்துக் கொடுப்பாள்.