‘திரும்பிப் பாத்தியா?’ – அடையாற்றில் ஒரு சமரச அறை

காலை 9.10. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினேன். அடையாறு ஆறேழு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூற்றைம்பதில் ஆரம்பித்து நூற்றெண்பதில் நின்றார். நந்தனம் தாண்டியதும், “கோர்ட்டாண்டயா சார்?” என்றார். இல்லை, குற்றம் செய்தவரும் அடிபட்டவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் இடம், கோர்ட்டே சில வழக்குகளை அங்கே அனுப்பிப் பார்க்கிறது, திருநெல்வேலியில் நாங்களும் தொடங்கப் போகிறோம், பார்த்துப் போக வந்தேன் என்றேன். “பேசிக்கினா அடி ஆறிடுமா?” என்று சிரித்தார். எரிச்சலாக வந்தது.

10.30. மாடியில் சின்ன அறை. கதவோர நாற்காலியில் உட்காரப் போனேன். “சார், அது அடிபட்டவங்களுக்கு. பிடிக்கலைன்னா சட்டுனு எழுந்து போயிடலாம்,” என்றார் சமரசம் பேசிவைக்கும் லதா மேடம். அடடா! ஊரில் எங்கள் அறைக்கு நாற்காலி வாங்கிப் போட்டாயிற்று; கதவு எந்தப் பக்கம் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அந்த நாற்காலிக்கு வந்தவர் செல்வி, கே.கே. நகரில் தையல் கடை வைத்திருப்பவர். ஆறு மாதம் முன்பு ஓர் ஆட்டோ அவரை இடித்துவிட்டு நிற்காமல் போயிற்று. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து தனியாக ரோடு தாண்ட முடியவில்லை. இன்றைக்கும் மகள்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுப் போனாள்; ஒரு மணிக்குத் திரும்ப வருவாளாம்.

எதிரே அந்த ஆட்டோவை ஓட்டிய பாபு. “சாரிக்கா” என்று ஆரம்பித்ததுமே செல்வி கையைக் காட்டி நிறுத்தினார்.

“சாரி கெடக்கட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லு. திரும்பிப் பாத்தியா?”

மேடம் குறுக்கே பேசவில்லை. எனக்குத்தான் நாக்கு துறுதுறுத்தது.

“கண்ணாடில பாத்தேன்க்கா. நீ கீய கெடந்தே. ஜனம் ஓடியாந்துச்சு. அடிச்சிருவாங்கன்னு பயந்து பூட்டேன்.”

“பாத்துக்கினேதான் போனியா? நாய் அடிபட்டாக்கூட நிப்பாங்களேடா!” செல்வி அழுதுவிட்டார். கதவைப் பார்த்தார். போய்விடுவார் என்றே நினைத்தேன்.

“நீ பொய் சொல்லல இல்ல,” என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “அதுக்காவ உக்காந்துகினு கீறேன்.”

12.15. பேசியதை எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். வழக்கு எப்படியும் கோர்ட்டுக்குத்தான் திரும்பும். செல்வியும் பாபுவும் நானுமாகக் கீழே இறங்கினோம். பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம்.

“வண்டி எடுத்தாரேன்க்கா, வூட்டாண்ட வுட்டுர்றேன்.”

“உன் வண்டில நான் ஏற மாட்டேன்,” என்றார் செல்வி வெடுக்கென்று. மகள் வர இன்னும் முக்கால் மணி நேரம். ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர், மகளுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். பிறகு பாபுவிடம், “தாண்டி வுடு, போதும்,” என்றார்.

பாபு நடுரோட்டில் இறங்கிக் கையை நீட்டினார். வண்டிகள் ஹாரன் அடித்தபடி நின்றன. செல்வி மெதுவாக, தனியாகவே, நடந்து போய்ச் சேர்ந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாபுதான், பஸ் வந்து அவர் ஏறும்வரை, பார்த்துக்கொண்டே நின்றார்.