இசக்கியம்மன் கூண்டில் ஏழாம் நம்பர் கோழி

1. நாற்காலியில் கோழி, மேஜையில் டாக்டர்

நான் வேலைக்குச் சேரப் போன அன்று டாக்டர் ஐயா மேஜை மேல் நின்றுகொண்டிருந்தார். அவருடைய நாற்காலியில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள்.

இது ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. தென்காசி ரயிலடிக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, காய்ச்சல் ஆராய்ச்சிக்கு ஆபீஸ் போட்டிருந்தார்கள். டாக்டர் ஐயா மதராசிலிருந்து வந்தவர். பெரிய படிப்பு. வைரஸ் என்றால் அவருக்குப் பயமே கிடையாது. கோழி என்றால் மேஜை மேல் ஏறிவிடுவார். எங்கள் தெரு வேலு அண்ணாச்சி அங்கே பீல்டு அசிஸ்டென்ட். அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஐயா, கோழி பாக்கதுக்கு ஆள் கேட்டியள்லா? பொண்ணு வந்திருக்கு."

"முதல்ல இதைப் பிடிக்கச் சொல்லுங்க, வேலு!"

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஆண்கள் இருக்கிற இடத்தில் நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூச்சம். ஆனால் கோழியிடம் என்ன கூச்சம்? குனிந்தபடியே போய், முந்தானையை அதன் தலையில் போட்டு, இரண்டு இறக்கையையும் சேர்த்துத் தூக்கினேன். கோழி கப்சிப் என்று ஆனது. டாக்டர் ஐயா கீழே இறங்கினார்.

"உங்க பேரு என்னம்மா?"

நான் கோழிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். வேலு அண்ணாச்சிதான் சொன்னார். "கோமதி, ஐயா. அஞ்சாப்பு படிச்சிருக்கு. பேசாது."

"பரவாயில்லை. இங்க கோழிங்க நிறையப் பேசுது. ஒரு ஆளாவது பேசாம இருக்கட்டும்."

என் இன்டர்வியூ அவ்வளவுதான்.

2. சாட்சிக் கோழிகள்

கோழி வளர்க்க டாக்டர் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் கூச்சம். எனக்காக வேலு அண்ணாச்சி கேட்டார்.

முந்தின வருஷம் ஐந்தருவிக்குப் போகிற வழியில் குளத்துக்கரை ஊர் ஒன்றில் சில பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஒரு பிள்ளை போய்விட்டது. மற்றவர்கள் பிழைத்தார்கள். அது கொசு கொண்டுவந்த வைரஸா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் கோழிகள்.

டாக்டர் ஐயா இப்படிச் சொன்னார்: "கொசு கடிச்சா வைரஸ் கோழிக்குள்ள போகும். கோழிக்குக் காய்ச்சல் வராது. ஆனா அதோட உடம்பு சும்மா இருக்காது. எதிர்த்து நிக்க ஆன்டிபாடின்னு ஒண்ணைத் தயார் பண்ணும். வைரஸ் போயிடும், ஆன்டிபாடி ரத்தத்துல நிக்கும். திருடன் ஓடின பிறகும் வீட்டுக்காரன் கம்போட வாசல்ல உட்கார்ந்திருக்கான் இல்ல, அந்த மாதிரி."

"ஓ! கம்பப் பாத்துத் திருடன் வந்தாம்னு கண்டுபிடிக்குதியளாக்கும்" என்றார் வேலு அண்ணாச்சி.

இதற்கு இங்கிலீஷில் சென்டினல் கோழி என்று பெயர். நாங்கள் சாட்சிக் கோழி என்போம். நாட்டு முட்டையை ஆபீசிலேயே பொரிக்க வைத்து, குஞ்சிலிருந்து கொசுவலைக்குள் வளர்ப்போம். எங்கள் வீட்டில் மனுஷருக்கே அப்போது கொசுவலை கிடையாது. கொசுக்கடி படாத கோழி என்பதால் ரத்தம் சுத்தமாக இருக்கும். பிறகு அதைக் கம்பிக் கூண்டில் போட்டு அந்த ஊரில் கொண்டுபோய் வைப்போம். கொஞ்ச நாளைக்கு ஒரு தடவை இறக்கைக்கு அடியில் இருக்கிற நரம்பில் ரத்தம் எடுப்போம். டியூபைச் சாய்த்து வைத்தால் ரத்தம் உறைந்து, மேலே தெளிவாகச் சீரம் நிற்கும். அதை ஐஸ் வைத்த பிளாஸ்கில் ரயிலேற்றிப் பெரிய லேபுக்கு அனுப்புவோம்.

செவலை நிறத்தில் ஆறு பெட்டைகள் என் பொறுப்பு. அடையாளத்துக்குக் காலில் ஆறு நிறத்தில் நூல் கட்டியிருந்தோம்.

மேலிடத்தில் டாக்டர் ஐயாவிடம் கறாராகச் சொல்லியிருந்தார்கள். சீசன் முடிவதற்குள் ஒரு கோழியாவது சாட்சி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆபீஸை மூடிவிடுவார்கள். மூடினால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்தது என்ன என்று கடைசிவரை தெரியாது. எனக்கும் வேலை போய்விடும். எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது. நாள் முழுக்க யாரும் என்னைப் பேசச் சொல்லாத வேலை அது ஒன்றுதான்.

3. ஒருத்தரும் கேட்கவில்லை

கூண்டைக் குளத்துக்கரையில் இசக்கியம்மன் கோயிலுக்கு எதிரே, மரத்தடியில் வைத்திருந்தோம். வயலும் பக்கம், கொசுவும் பக்கம். கோயிலுக்கு எதிரே வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் சாரல் பிய்த்துக்கொண்டு பெய்தது. குற்றாலத்தில் அருவியெல்லாம் நிரம்பி விழுந்தது. ரத்தம் எடுக்கப் போன அன்று வேலு அண்ணாச்சி குடை பிடித்தார், நான் கோழி பிடித்தேன், டாக்டர் ஐயா தொப்பியில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஊசியால் ரத்தம் எடுத்தார். காலில் கட்டிய நூலெல்லாம் மழையில் இற்று அறுந்து விழுந்திருந்தது. அதனால் பிடிக்கிற வரிசையில் ஒன்று, இரண்டு என்று தகர வில்லையைக் காலில் மாட்டி, டியூபிலும் அதே நம்பரை ஒட்டினோம்.

ஒன்பது வரைக்கும் வந்தது.

ஐயா மூன்று கோழி கூடுதலாக அனுப்பியிருக்கிறார் போல என்று நான் நினைத்தேன். நான்தான் கொண்டுவந்து விட்டேன் என்று வேலு அண்ணாச்சி நினைத்தார். வேலு சமர்த்தாக மூன்றைச் சேர்த்துவிட்டார் என்று டாக்டர் ஐயா நினைத்தார். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. நனைந்துகொண்டே ஜீப்பில் ஏறிவிட்டோம்.

கொஞ்ச நாள் கழித்து லேபிலிருந்து தந்தி வந்தது. ஏழாம் நம்பரில் ஆன்டிபாடி இருக்கிறது! டாக்டர் ஐயா வேலு அண்ணாச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தார். "ஒன்பது கோழியில ஒண்ணு சொல்லிடுச்சு வேலு, சொல்லிடுச்சு!"

நான் வேலு அண்ணாச்சி காதில் மெதுவாகச் சொன்னேன்: "அண்ணாச்சி, நான் வளத்தது ஆறுதான?"

அண்ணாச்சி குதிப்பதை நிறுத்தினார். அவர் நின்றதைப் பார்த்து ஐயாவும் நின்றார்.

4. அம்மனுக்கு நேர்ந்தது

ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடினோம். கூண்டுக்கு முன்னால் அந்த ஊர் மாடத்தி அக்கா நின்று, கம்பி வழியாகக் கோழிகள் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் குலவை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி செய்யுத?" என்று கத்தினார் வேலு அண்ணாச்சி.

"என்ன அண்ணாச்சி இப்பிடிக் கேக்கிய? கொடை வருதுல்லா. அம்மன் கோழிக்கு மஞ்சத்தண்ணி தெளிக்கேன்."

"இது சர்க்கார் கோழிட்டி!"

"சர்க்கார்தான அம்மனுக்கு நேந்து விட்டிருக்கு! காலுல நூல் கட்டி, கோயிலுக்கு நேரா வச்சு, தெனமும் ஒரு பொண்ணு வந்து பயபக்தியா தீவனம் போடுதா. ஆருகிட்டயும் ஒரு வார்த்த பேச மாட்டா. விரதம்னு நெனச்சோம்."

எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

விஷயம் இதுதான். காய்ச்சலில் பிள்ளை பிழைத்தால் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கோழி தருவதாக மூன்று பேர் நேர்ந்திருந்தார்கள். வீட்டில் வைத்தால் கீரி கொண்டுபோகும். சர்க்கார் கூண்டில் போட்டால் காவலும் ஓசி, தீவனமும் ஓசி. ஆளுக்கொன்று உள்ளே தள்ளிவிட்டார்கள். மூன்றும் எங்களுடையதைப் போலவே செவலைப் பெட்டைகள்; வளர்த்த எனக்கே அடையாளம் தெரியவில்லை.

டாக்டர் ஐயா கையைக் கூப்பினார். "அம்மா, உங்க மூணு கோழி எதுன்னு மட்டும் காட்டிடுங்க. அது சந்தைக் கோழியா இருந்தா எந்த ஊர்ல கொசு கடிச்சுதோ தெரியாது. நாங்க வளர்த்ததா இருந்தாத்தான் இந்த ஊர்ல, இந்த சீசன்ல கடிச்சதுன்னு அர்த்தம்."

"நான் பாவூர்சத்திரம் சந்தையில வாங்குனதுதான். ஆனா எதுன்னு காட்ட மாட்டேன், ஐயா. நேந்து விட்ட பொறவு ஆரும் இது என் கோழின்னு கை நீட்டக் கூடாது. அம்மனுக்குக் கோவம் வரும்." கும்பிடு போட்டுவிட்டுப் போயே போய்விட்டாள்.

ஏழாம் நம்பரைக் கிட்டத்தில் பார்த்தாலாவது ஏதாவது தெரியுமா என்று டாக்டர் ஐயா தொப்பியைக் கழற்றி ஜீப்பில் வைத்துவிட்டு, கூண்டுக் கதவைக் கொஞ்சம் திறந்தார். கோழிக்குக் கொஞ்சம் போதும். ஏழாம் நம்பர் அவர் முகத்திலேயே பாய்ந்தது. அவர் பின்னால் சாய, கூண்டு கவிழ, ஒன்பதும் வெளியே.

நாற்றங்காலில் நாலு, கோயில் மதில் மேல் இரண்டு, மற்றது எங்கே என்றே தெரியவில்லை. வேலு அண்ணாச்சி குடையை விரித்துக்கொண்டு கோழிகளை மடக்கப் பார்த்தார். டாக்டர் ஐயா ஒரு கோழியைத் துரத்தி, வரப்பில் வழுக்கி, சேற்றில் உட்கார்ந்தார். பிறகு அந்தக் கோழியே அவரைத் துரத்தியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதலாளி விழுந்து கிடக்கும்போது சிரிக்கலாமா? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்க் குலுங்கினேன்.

ஒன்றுகூடச் சிக்கவில்லை. கூண்டை நிமிர்த்தி, கதவைத் திறந்து வைத்து, சேறும் சகதியுமாக மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டோம்.

5. அம்மன் திருப்பி அனுப்பினாளா?

பொழுது சாய்ந்தது. ஒரு கோழி தானாக வந்து கூண்டுக்குள் போனது. பின்னால் இன்னொன்று. இப்படி ஐந்து வந்தன. வில்லைகளைப் பார்த்தேன். ஏழு இல்லை.

அப்போது ஊர்ப் பக்கமிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. மாடத்தி அக்கா கையில் கோழியுடன் ஓடி வந்தாள்.

"ஐயா, மோசம் போயிட்டேனே! அம்மன் என் கோழிய ஏத்துக்கிடலயே! வீட்டுக்கே திருப்பி அனுப்பிட்டாளே! பழைய பஞ்சாரக் கூடைக்குள்ள வந்து அது பாட்டுக்கு உக்காந்திருக்கு!"

பின்னாலேயே மேலத்தெரு பூரணம் இன்னொரு கோழியோடு வந்தாள். அடுத்து பால்காரர் வீட்டு ஆச்சி, "என் பேரனுக்கு மறுபடி காய்ச்சல் வந்திருமோ?" என்று மூன்றாவதைக் கொண்டுவந்தாள்.

டாக்டர் ஐயாவின் கண் கோழிகளின் காலிலேயே இருந்தது. மாடத்தி அக்கா கோழிக்கு இரண்டு. பூரணத்துடையது ஒன்பது. ஆச்சி கோழியின் காலைச் சேலை மறைத்திருந்தது. ஐயா குனிந்து எட்டிப் பார்த்தார். வேலு அண்ணாச்சி மெல்லச் சேலையை விலக்கினார்.

ஐந்து!

"ஏழு நம்மளுது!" என்று டாக்டர் ஐயா போட்ட கூச்சலில் ஆச்சி கோழியை விட்டேவிட்டாள். சேறு பூசிய ஒரு பெரிய மனுஷர் குதிப்பதைப் பார்த்து மூன்று பேரும் இன்னும் பயந்து அழுதார்கள். சாமி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

வேலு அண்ணாச்சி ஐயாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். இவர்களுக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. ஆச்சியின் முகத்தைப் பார்த்தேன். எனக்கே தெரியாமல் எழுந்து நின்றேன்.

"அம்மன் வேண்டாங்கல, ஆச்சி! கதவத் தொறந்துட்டோம். பொழுது சாஞ்சா கோழி அடைய பழகுன எடத்துக்குத்தான் போகும். இந்தா, எங்க கோழி கூண்டுக்கு வந்திருக்கு பாருங்க. உங்களுது உங்க வீட்டுக்கு வந்திருக்கு. கொடைக்கு நீங்களே கொண்டுபோய் விடுங்க. பிள்ளைக்கு ஒண்ணும் வராது."

சத்தம் அக்கரைக்கே கேட்டிருக்கும். மாடத்தி அக்கா அழுகையை நிறுத்திவிட்டு, "அட, இவ பேசுதா!" என்றாள்.

எல்லாம் சரி, ஏழாம் நம்பர் எங்கே? எங்களோடு ஜீப்பில் வந்த கோழிதானே அது? ஜீப்பின் முன்சீட்டில், ஐயாவின் தொப்பிக்குள் வசதியாக உட்கார்ந்திருந்தது. தூக்கினேன். அடியில் ஒரு முட்டை. அதன் முதல் முட்டை.

"ஐயா, ஒரு ஆம்லேட்டுக்கு ஆகும்" என்றார் வேலு அண்ணாச்சி.

"தொடாதீங்க! தாய்க் கோழி ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடி மஞ்சக்கருவுக்கும் போகும். அதிலேர்ந்து குஞ்சுக்குப் போகும். இது ரெண்டாவது சாட்சி!"

ஆச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"தாயி தான் பட்டத வச்சுப் பிள்ளைக்குக் காவல் குடுத்து அனுப்புது, ஆச்சி" என்றேன்.

"அதத்தானட்டி நாங்களும் செய்யுதோம்" என்றாள் அவள்.

மஞ்சள் கருவும் சாட்சி சொன்னது. ஆபீஸை மூடவில்லை. ஐயாவோடும், அவருக்குப் பின் வந்த டாக்டர்களோடும் தலை நரைக்கும்வரை அதே வேலையில் இருந்தேன்.

இப்போது லேபில் வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கூண்டில் ஒன்று கூடுதலாகத் தெரிந்தால் கேட்டுவிடுங்கள். மற்றவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நிற்பார். கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு இன்றும் இருக்கிறது. அதோடேயே கேளுங்கள்.

கொடை முடிந்த மறுநாள் மாடத்தி அக்கா ஆபீசுக்குத் தூக்குச்சட்டியில் கோழிக் குழம்பு கொண்டுவந்தாள். டாக்டர் ஐயா இலை போட்டு உட்கார்ந்துவிட்டார். வேலு அண்ணாச்சி கரண்டியை எடுத்துவிட்டார். நான்தான் நடுவில் புகுந்து சத்தமாகக் கேட்டேன்:

"அக்கா, இது எத்தனாம் நம்பர்?"

மாடத்தி அக்கா குழம்புக்குள் கரண்டியை விட்டுத் துழாவினாள். ஒரு தகர வில்லை வந்தது.

"ரெண்டு" என்றாள். "நீ கேப்பன்னு தெரியும். அதான் கழத்தாமலே போட்டேன்."