ஆயிரம் ஆண்டுத் தட்டும் புதுச்சத்திரம் வேலுமணியும்

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே மண்தடத்தில் இறங்கினால், வேலுமணியின் கோழிப்பண்ணை கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரிந்துவிடும். நீளமான கொட்டகைகள், கம்பிக்கூண்டுகளில் முட்டைக்கோழிகள், கூண்டுகளுக்கு அடியில் குவிந்து கிடக்கும் எரு. உரிமையாளர் அறுபதை நெருங்குகிறவர். தீவன மூட்டையைப் பிரித்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்காமல் வாங்கமாட்டார். தடுப்பூசி மருந்துக் குப்பியின் தேதியை வெயிலில் பிடித்துப் படிப்பார். "அட்டையில அச்சடிச்சதெல்லாம் நெசமாயிருமா?" என்று ராசிபுரத்துக் கடைக்காரர்களைக் கேட்டே அலுக்க வைப்பார்.

நல்ல கேள்விதான். கண்ணில் பட்ட எல்லாவற்றையும் அந்தக் கேள்வியால் குடைந்தவர், தன் சாதியை மட்டும் ஒரு நாளும் குடைந்ததில்லை. அது பிறக்கும்போதே அட்டையில் அச்சடித்து வந்தது, அப்படியே நம்பிவிட்டார்.

அவருடைய ஒரே மகள் தனப்பிரியா சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே கூட வேலை பார்த்த அன்பரசுவைத் திருமணம் செய்துகொண்டாள். அவன் மேல் சொல்ல வேலுமணிக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை, வேறு சாதி என்பதைத் தவிர. மறுநாள் பண்ணைக் கிணற்றடியில் மகளுக்குத் தலை முழுகினார். வீட்டிலிருந்த ஆல்பங்களைக் கொட்டகைக்குப் பின்னால் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். அவர் மனைவி பொன்னாத்தாள் தடுக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

இந்த மனிதருக்குத்தான் குலப்பெருமையைக் காக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. பங்காளிகள் சேர்ந்து குலக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நிச்சயித்தார்கள். கோபுரக் கலசத்தில் வழக்கம்போல் வரகு நிரப்பலாம் என்று பேச்சு வந்தபோது, சங்கத் தலைவரும் போர்வெல் ரிக் லாரி முதலாளியுமான செங்கோட்டையன் ஒரு புது யோசனை சொன்னார்.

"வரகு போட்டா பூச்சிதான் திங்கும். நம்ம வம்ச வரிசைய சிடியில ஏத்தி உள்ள வெச்சிரலாமப்பா. பின்னால வாரவன் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்."

"சாதா சிடி நாலு வெயில் தாங்காதுங்கண்ணா," என்றார் வேலுமணி. "ஆயிரம் வருசம் தாங்கற டிவிடி வந்திருக்குதாமா. உள்ள கல்லு மாதிரி ஒரு படலமாம். நான் பாத்துக்கறேன்."

அந்த வம்ச வரிசையை ஒரு முறை பார்க்கவேண்டும். தலைமுறை தலைமுறையாக ஆண்களின் பெயர்கள், கிடைத்தவரை போட்டோக்கள். ஒரு தாயின் பெயர் இல்லை. மகள்கள் வேறு குலத்துக்குப் போகிறவர்களாம், அதனால் அவர்களும் இல்லை. ஏதோ மண்ணைக் கீறியதும் மீசையோடு முளைத்து வந்தவர்கள் போல ஒருவர் கீழ் ஒருவர் நிற்கிறார்கள். இந்தப் பாதிப் பொய்க்குத்தான் ஆயிரம் ஆண்டு ஆயுள் தேடினார்கள்.

இருப்பதிலேயே மலிவான டிவிடி ரைட்டர் ஒன்றையும், ஆயிரம் ஆண்டு டிவிடித் தட்டுகள் மூன்று கொண்ட ஒரு பெட்டியையும் வேலுமணி ஆன்லைனில் வாங்கினார். அட்டையில் அச்சடித்ததை நம்பாதவர் ஆயிற்றே, சோதனை தொடங்கியது. கடையில் கிடைக்கிற சாதாரண தட்டுகளில் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதிப் பார்த்தார். வேகமாக எழுதியவை பாதியில் திக்கின. மெதுவாக எழுதியவை சுத்தமாக ஓடின. "மலிவு ரைட்டரு. அவசரப்படுத்துனா காரியம் கெட்டுச்சு," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

பிறகு ஆயிரம் ஆண்டுத் தட்டு ஒன்றில் ஏதாவது எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது. பழைய கணினியில் கிடந்த போட்டோக்களை, என்ன ஏதென்று பார்க்காமல், அப்படியே அள்ளி அந்தத் தட்டின் பாதிவரை ஏற்றினார். அதையும் ஒரு சாதாரண தட்டையும் இட்லிக் குண்டானில் வைத்து வேக வைத்தார்.

"ஏனுங்க, நாளைக்கு இதுலதானுங்க இட்லி ஊத்தோணும்," என்றாள் பொன்னாத்தாள்.

"ஊத்து. ஆராய்ச்சி நடக்கறது தெரியலியா?"

அடுத்து மொட்டைமாடி வெயில். கடைசியாகக் கோழி எரு. அதன் காரமும் சூடும் தகரத்தையே தின்றுவிடும் என்பது பண்ணைக்காரர்களுக்குத் தெரியும். அந்தச் சோதனையைச் சொந்தமாகக் கண்டுபிடித்ததற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

கோடை முடிந்ததும், "டேய் ரங்கா, அதத் தோண்டி எடுத்துக் கழுவிக் கொண்டாடா" என்றார். ரங்கன் அவரைவிட மூத்தவர். பண்ணை தொடங்கிய நாள் முதல் எரு அள்ளுகிறவர். முழங்கைவரை எருவில் விட்டு இரண்டு தட்டுகளையும் எடுத்துக் கழுவிக் கொடுத்தார். சாதாரண தட்டு வெள்ளி உரிந்து கண்ணாடியாகியிருந்தது. மற்றதைக் கணினியில் போட்டு ஒரு படத்தைத் திறந்தார் வேலுமணி.

பள்ளி ஆண்டு விழா. கண்ணுக்கு மை அப்பி, தலையில் காகிதக் கிரீடத்தோடு, பல் விழுந்த வாயைத் திறந்து சிரிக்கிறாள் தனப்பிரியா.

பின்னால் நின்ற பொன்னாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வேலுமணி திரையை அணைத்தார். அன்று மாலையே கணினியில் இருந்த போட்டோக்கள் முழுவதையும் அழித்துவிட்டார். தட்டில் இருப்பதை மட்டும் அழிக்க முடியவில்லை. ஒரு முறை எழுதினால் எழுதியதுதான். அந்தத் தட்டின் பெருமையே அது. உடைத்துப் போட்டிருக்கலாம். ஆனால் மழைக்காலச் சோதனை பாக்கி இருந்தது.

"மறுபடி புதைச்சு வையிடா," என்றார் ரங்கனிடம். பெற்ற மகளின் சிரிப்பைக் கோழி எருவில் புதைத்துவிட்டு, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்.

பொன்னாத்தாள் பண்ணைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுதான் மகளோடு போனில் பேசுவாள். தனப்பிரியாவுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. "பாப்பா அப்பிடியே என்ற சாடைம்மா. இங்க ஒருத்தரும் நம்பமாட்டீங்கறாங்க. காட்டறதுக்கு எங்கிட்ட ஒரு போட்டோ இல்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தவளிடம், தட்டு ஒன்று இருக்கிறது என்று தாய் சொன்னாள். "எப்பிடியாச்சும் எடுத்துக் குடும்மா," என்று குரல் வந்தது.

அதன் பிறகு மழை பெய்த ஒவ்வொரு நாளும் பொன்னாத்தாள் எருக்குவியலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

கும்பாபிஷேகம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை கலசம் மேலே ஏறவேண்டும். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் வம்ச வரிசையைத் தட்டில் எழுதவேண்டும் என்று ஜோசியர் குறித்துக் கொடுத்திருந்தார். இட்லிக் குண்டானிலும் எருவிலும் தட்டை வதைத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர், அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். ஜோசியரின் தாளை மட்டும் எந்த வெயிலிலும் காயவைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மழையைத் தாண்டிவந்த சோதனைத் தட்டும் அன்று காலை மேசைமேல் இருந்தது. ரங்கன் தோண்டிக் கழுவிக் கொடுத்தது, நன்றாகவே ஓடியது. புதுத் தட்டு ஒன்றை ரைட்டரில் வைத்தபோது செங்கோட்டையன் போன் செய்தார். தன் சித்தப்பாவான சின்னய்யனின் போட்டோ விட்டுப்போயிற்று, மாலை போட்டதாக ஒன்று அனுப்புகிறேன், அதைச் சேர்க்காமல் எழுதக்கூடாது என்றார். அந்த மாலை போட்ட சின்னய்யன் வந்து சேருவதற்குள் நல்ல நேரம் ஓடிவிட்டது. ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக எழுதினால் ராகு காலத்துக்குள் போய்விடும்.

வேலுமணி வேகத்தைக் கூட்டினார்.

"அவசரப்படுத்துனா கெட்டுப்போகுமின்னு நீங்கதானுங்க சொன்னீங்க?" என்றாள் பொன்னாத்தாள்.

"வாய மூடு புள்ள. நேரம் தப்பிப்போச்சுன்னா வம்சத்துக்கே ஆகாது."

எழுதி முடித்துச் சரிபார்த்தபோது தட்டு ஓடவில்லை. நேரம் இன்னும் குறைந்துவிட்டது. மிச்சமிருந்த கடைசித் தட்டையும் அதே வேகத்தில் எழுதினார். அதுவும் ஓடவில்லை. தன் கையாலேயே மாதக்கணக்கில் சோதித்துக் கண்டதை ஒரு பஞ்சாங்கத் தாளுக்காகத் தூக்கிப் போட்டுவிட்டு, வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். புதிதாக ஆர்டர் போட்டால் திங்கட்கிழமைக்குமேல்தான் வரும்.

"இந்தத் தட்டுல பாதி எடம் சும்மாதானுங்க கெடக்குது," என்று சோதனைத் தட்டைக் காட்டினாள் பொன்னாத்தாள். "மெதுவா இதுலயே ஏத்திப்போடுங்க. அவளும் அதுல இருந்துட்டுப் போறா."

"ரங்கன் கைபட்டது. கலசத்துக்கு ஆகுமா?"

"ரங்கன் கைபடாத முட்ட இந்தப் பண்ணையில ஒண்ணு இருக்குதுங்களா?"

வேலுமணிக்கு ரங்கனின் கை ஒரு சாக்கு. கலசத்துக்குள் மகள் சிரித்துக்கொண்டிருப்பாள் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வெளியே கார் வந்து நின்றது. செங்கோட்டையன் பட்டுத்துணியோடும் செப்புப் பேழையோடும் உள்ளே வந்தார். வேலுமணி எழுந்தார். கெட்டுப்போன தட்டுகளில் ஒன்றை எடுத்து, சந்தனம் தொட்டு வைத்து, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"ஆயிரம் வருசம் இருக்குமில்லப்பா?"

"இருக்குமுங்கண்ணா."

"நாளன்னிக்கு மேடையில உனக்குப் பொன்னாடை போத்தறோம்," என்று சொல்லி, காப்பியைக் குடித்துவிட்டு அவர் போனார். வேலுமணி சொன்னது பொய்யும் அல்ல. படிக்கவே முடியாத தட்டு ஆயிரம் ஆண்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

கார் திரும்பியதும் வேலுமணி சோதனைத் தட்டைக் கையில் எடுத்து வளைத்தார்.

"ஒடைங்க," என்றாள் பொன்னாத்தாள், காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே. "ஒடைச்ச கையோட நான் இப்பப் போன மூத்தாருக்குப் போன் பண்றேன். செப்புப் பேழையில போறது செத்த சிடின்னு சொல்லிப்போடறேன்."

"மெரட்டறயா?"

"இல்லீங்க. கேக்கறேன். குடுங்க."

அவர் தட்டை நிமிர்த்தினார். மேசைமேல் எறிந்தார். அவள் அதை எடுத்து உறையில் போட்டுக்கொண்டு, ரைட்டரின் ஒயரைப் பிடுங்கி அதையும் எடுத்தாள்.

"அது எதுக்கு?"

"இப்பத்த லேப்டாப்புல சிடி போடற எடமே இல்லியாமா. அவங்க ஊட்ல வேணுமுங்க."

ஞாயிற்றுக்கிழமை குலக்கோயிலில் வேலுமணி பொன்னாடை போர்த்திக்கொண்டு மேடையில் நின்றார். ஊட்டுக்காரி எங்கே என்று கேட்டவர்களிடம், மேலுக்குச் சுகமில்லை என்றார். பொன்னாத்தாள் அப்போது துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

அன்பரசு ரைட்டரை மாட்டிக் கொடுத்தான். காகிதக் கிரீடம் வைத்த பெண் திரையில் வந்ததும், தனப்பிரியா குழந்தையைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அன்பரசுவின் தாய் மாரக்காள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாறி மாறிப் பார்த்தாள்.

"அட ஆமா சாமி! கண்ணு, நெத்தி எல்லாம் அப்பிடியேதான். இந்த முட்ட மூக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சுன்னு இத்தன நாளா ரோசன பண்ணிக்கிட்டிருந்தேன். ஏனுங்க சம்பந்தி, இது உங்க பக்கத்து மூக்குங்களா?"

"எங்கூட்டுக்காரரோடதுங்க," என்றாள் பொன்னாத்தாள். "அடுத்த படம் போடு கண்ணு."