மெக்கின்டயரின் பெருவிரல்

சுனாமிக்குப் பிறகு கதிரவெளி மீனவர்களுக்குப் படகு கொடுக்க ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன். வெயிலில் சிவந்த நெடிய மனிதர். அவருடைய முதற்பெயர் எனக்கு மறந்துவிட்டது. குடும்பப் பெயரை மறக்க அவர் விடவில்லை. யாரைக் கண்டாலும் அதன் வரலாற்றைத் தொடங்கிவிடுவார். மெக்கின்டயர் என்றால் தச்சன் மகன். அவருடைய மூதாதை ஒருவர் நடுக்கடலில் தோணியின் ஓட்டையைப் பெருவிரலால் அடைத்து, கை துடுப்புக்கு வேண்டுமென்று அந்த விரலை வெட்டி ஓட்டையிலேயே விட்டாராம்.

ஒருநாள், அலையில் மனைவியைப் பறிகொடுத்த மீனவர் ஒருவர் வந்தார். மெக்கின்டயர் கொடுத்த படகில் தண்ணீர் ஏறி, அதைத் தள்ளிக்கொண்டு நீந்தித்தான் கரை சேர்ந்திருந்தார். ஓட்டை என்று நான் மொழிபெயர்த்ததுமே தச்சன் மகன் கதை தொடங்கியது. மீனவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, இவருக்கும் ரெண்டு பெருவிரல் கிடக்குத்தானே. எங்கட போட்டுலயும் ஓட்டை ரெண்டுதான். கேட்டுச் சொல்லுங்க."

ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். மெக்கின்டயர் நெகிழ்ந்துபோய் மீனவரின் கையைக் குலுக்கினார்.

"பார்த்தீர்களா, எங்கள் கதை இவருக்குப் புரிந்துவிட்டது" என்றார் என்னிடம்.

படகின் ஓட்டைகளை மீனவரே அடைத்துக்கொண்டார். மெக்கின்டயர் அடுத்த ஊரில் அந்தப் பதிலையும் தன் பெயரின் வரலாற்றோடு சேர்த்துச் சொன்னார். இவ்வளவு காது மந்தமான பெருமையை நான் பிறகு எவரிடமும் கண்டதில்லை.